கை வைக்க வேண்டிய தலை

மாரி தலையில் கட்டிய துண்டோடு உள்ளே வந்தான். அருமைநாயகம் சார் வீட்டு முன்னறையில் பாய் விரித்து ஜெபக் குழுவினர் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பெங்களூர் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் சன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது. கம்பெனி கேன்டீனில் அடுப்படியில் நிற்கிறவன் துண்டோடு வருவது புதிதல்ல. வாசலிலேயே அவிழ்த்து முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் படியேறுவான். அன்று அவிழ்க்கவில்லை. பாட்டு முடிந்தது. வசனம் வாசித்தாயிற்று. துண்டு அப்படியே இருந்தது. அடுத்தது ஜெபம். இந்த வியாழக்கிழமை ஜெபத்தை மாரிதான் நடத்த வேண்டும் என்று போன வாரமே சொல்லியிருந்தேன். ஜெபம் என்றால் எங்களில் பெண்கள் முக்காடு போட்டுக்கொள்வார்கள், ஆண்கள் தலையில் ஒன்றும் இருக்கக் கூடாது. சாரின் மனைவி ஜெயம் அக்கா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். டிபன் கடை சரோஜா தன் தலைப்பைத் தேடி எடுத்தாள். மாரி என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்த்தான்.

மொட்டை. சந்தனம் பூசிக் காய்ந்து, பெரும்பகுதி உதிர்ந்து, காதுக்குப் பின்னாலும் பிடரி மடிப்பிலும் மஞ்சளாகத் தங்கியிருந்தது. முந்தின நாள் ஆடிக் கிருத்திகை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் காவடி. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குத் தனி பஸ்ஸே விட்டிருந்தார்கள். எந்தக் கோயிலில் அடித்த மொட்டை என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஜெபம் பண்லாமா?" என்றான் மாரி.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். மாரி எப்போதும் போலத்தான் ஜெபித்தான். சரோஜாக்காவுக்கு மண்ணெண்ணெய் கிடைக்க வேண்டும், கன்னியப்பன் அண்ணனுக்குக் கண் எரிச்சல் போக வேண்டும், ஓசூருக்குப் போகிற கிருபா அண்ணனுக்கு அங்கே நல்ல ரூம் அமைய வேண்டும். கிருபா நான்தான். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அருமைநாயகம் சாரும் திறந்துதான் வைத்திருந்தார். பார்வை மாரியின் பிடரியில் இருந்தது. பட்டறையில் வார்ப்புத் துண்டைக் கையில் வாங்கி எங்கே கீறல் என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஆமென் சொன்னதும் ஜெயம் அக்கா டீ எடுத்து வந்தார். எல்லோரும் டம்ளருக்குள் பார்த்தபடி அவசரமாகக் குடித்தார்கள். மாரி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வர்றேன் சார், வர்றேங்க்கா" என்று சொல்லித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மறுபடி கட்டவில்லை.

அவனைக் கூப்பிட்டு நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை. எதற்கெடுத்தாலும் எனக்குப் பயம்தான். தெற்கே நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்து இந்த வார்ப்படக் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்த நாள் முதல், சூப்பர்வைசர் கூப்பிட்டால் பயம், வீட்டிலிருந்து தந்தி என்றால் பயம், வாடகை அறையைப் பூட்டினேனா என்றும் பயம். இந்தக் குழுவின் பொறுப்பும் அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு முன்னால் இதை நடத்திய தேவஇரக்கம் அண்ணன் ராணிப்பேட்டைக்குப் போகும்போது, எல்லோர் முன்னாலும் என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். பாதிரியார் காஞ்சிபுரத்தில் இருப்பவர், எப்போதாவது வருவார். அதனால் எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம் அது. போகிறவன் வருகிறவன் தலையில் கை வைக்க வேண்டும். அன்று கையை எடுத்த பிறகு அண்ணன் காதோடு ஒன்று சொன்னார். "இன்னைக்கே உனக்கு அடுத்த ஆளப் பாக்க ஆரம்பிச்சிரு. போற நேரத்துல தேடாதே."

தேடத்தான் செய்தேன். பார்க்கிறவர்கள் யாரும் அருமைநாயகம் சாரைத்தான் சொல்வார்கள். வேதம் தலைகீழ்ப் பாடம், கணீரென்ற குரல், வீட்டையே குழுவுக்குத் திறந்துவிட்ட மனுஷர். எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது தினமும் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தவர். ஆனால் கம்பெனியில் வார்ப்பில் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்த்த அவர், குழுவிலும் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரம் வராமல் இருந்த கன்னியப்பனிடம், "என்னடே, பரலோகத்துக்கு லீவு போட்டுட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கன்னியப்பன் அதோடு வருவதை நிறுத்தினான். ஜெபத்தின் நடுவே யாரும் அசைவது அவருக்கு ஆகாது. ஒரு தரம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாடை முன்னறைவரை வந்தது. ஆமென் சொல்லும்வரை அவர் ஜெயம் அக்காவை எழுந்திருக்க விடவில்லை.

கன்னியப்பனைத் திரும்பக் கூட்டி வந்தவன் மாரி. என்ன பேசினாய் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலணா. அவுரு வூட்ல கூர வேஞ்சிகினு இருந்தாரு. நானும் ஏறி ஓல எடுத்துக் குட்த்தேன். எறங்குறப்ப, வியாழக்கெழம வர்றேன்னாரு." அன்றிலிருந்து அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். போன வருஷம்தான் ஞானஸ்நானம் பெற்றவன். முதலில் பாய் விரிக்கச் சொன்னேன். பிறகு ஒரு வசனம் வாசிக்க. எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, வண்டி மேடேறுவது போல வாசிப்பான். பிறகு என் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபிக்கச் சொன்னேன். அதில்தான் சிக்கல். எல்லோரையும் வரிசையாகப் பார்த்து, "உனுக்கு இன்னா? உனுக்கு?" என்று கேட்டுக்கொண்டு போவான். பிறகு கண்ணை மூடி அதையெல்லாம் அப்படியே ஒப்பிப்பான். சரோஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "டேய், சாமியாண்ட ஆர்டர் எடுக்கறியா? எனுக்கு ஒரு மசால் தோச சேத்து சொல்லு." கடைசியில் ஆமென்னை மறந்துவிட்டு, "அவ்ளோதான் சாமி" என்று முடித்தான். ஜெயம் அக்காகூட முக்காட்டுக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

இப்படிக் கேட்கக் கூடாது, ஜெபத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று சில வாரம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் கவனித்தேன்: நான் ஜெபித்தால் யாரும் எதற்கென்று கேட்பதில்லை. இவன் கேட்டதால், வருஷக்கணக்காகப் பாயின் ஓரத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தவர்கள் வாயைத் திறந்தார்கள். மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனது, காலில் ஆறாத புண், வீட்டுக்காரர் குடி. திருத்துவதை விட்டேன். ஆமென்னை மட்டும் மறக்காதே என்றேன்.

திங்கட்கிழமை நான் ஓசூரில் புது யூனிட்டில் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரியின் தலையில் கை வைப்பதாக எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்தத் தலைதான் இப்போது இப்படி வந்து நின்றது.

அன்று டீ முடிந்து கிளம்பியபோது அருமைநாயகம் சார் என்னைத் தெருமுனைவரை கொண்டுவிட வந்தார்.

"ஞாயித்துக்கெழம எந்தத் தலையிலடே கை வைக்கப்போற?"

நான் சட்டைப் பையில் அறைச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

"அவன் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது, கேட்டியா. நல்ல பையன். ஆனா எங்க தாத்தா வேதத்துக்கு வந்தப்போ ஊருல ஒரு பய கெணத்துல வாளி போட விடல. ஒரு கற்பூரம் ஏத்திட்டாப் போதும், தண்ணி எடுத்துக்கோன்னான். பொண்டாட்டி புள்ளைங்க ஓடத் தண்ணி குடிச்சிச்சு. அவரு ஏத்தல. இன்னைக்கு ஒருத்தன் சந்தனத்தோட வந்து எனக்கு ஜெபம் நடத்துதான். நானும் கண்ண மூடணும்."

"நான் அவன்கிட்ட பேசுதேன் சார்."

"பேசு. தப்பு பண்ணிட்டேன்னு சபையில சொல்லட்டும். ஒரு வருஷம் போகட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். இல்ல, அவன்தான்னா உன் இஷ்டம். என் வீட்ல வச்சு வேண்டாம்."

சொன்ன விதத்தில் மிரட்டல் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சார் நடத்தினால் பாயின் ஓரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். மாரி நடத்தினால், சாரையும் என்னையும் போலத் தெற்கேயிருந்து வந்த எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் சாரோடு போய்விடும். எப்படிப் பார்த்தாலும் நான் பஸ் ஏறும்போது குழு பாதியாக இருக்கும். எந்தப் பாதி என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கேன்டீனுக்குப் பின்னால் போனேன். மாரி பெரிய குழம்பு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் போன ஒருத்தன் நின்று, "இன்னா பாதர், முருகன் உங்களாண்ட சொல்லாமயே முடிய வாங்கிக்கினாரா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனான். மாரி அண்டாவுக்குள்ளிருந்து, "போடா, உனுக்கு நாளிக்கி கெட்டி சாம்பாரு கெடையாது" என்றான். குரல் அண்டாவுக்குள் முழங்கிற்று.

வெளியே வந்து என் முன்னால் குந்தினான். நான் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"போன வருசம் எனுக்குக் காமால வந்து கெடந்தேனே, நீங்கள்லாம் வந்து ஜெபம் பண்ணீங்க. அதே நேரத்துல எங்கம்மா அந்தாண்ட திரும்பிக்கினு முருகனுக்கு நேர்ந்துகிச்சு. புள்ள பொழச்சா மொட்ட போடறேன்னு. நான் பொழச்சிக்கினேன். ஞானஸ்நானமும் எடுத்துக்கினேன். அதோட வுட்டுச்சுன்னு நெனச்சேன். ஆடி பொறந்ததுலேர்ந்து சோறு துன்னல. வாயால சொல்லிட்டேனே, அத முடிக்காம செத்துருவனேன்னு ஒரே அழுக. அதுக்கு ஒரு கையி, ஒரு காலு வராது, உங்களுக்குத் தெரியும். அது வாயால சொன்னத நான் தலையால முடிச்சேன். மசுருதானணா. மொளைக்கும்."

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா வேணாம்பீங்க. அப்புறம் உங்க பேச்ச மீறினு போனா மாதிரி ஆவும்."

"தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிரு மாரி. சார் அதுதான் கேக்கார்."

அவன் தன் கையில் ஒட்டியிருந்த சாம்பலையும் தேங்காய் நாரையும் பார்த்துக்கொண்டிருந்தான். "எது தப்புன்னு சொல்லுங்க, சொல்லிட்றேன். முடிய குட்த்ததா? அம்மாவ சைக்கிள்ள வச்சி இட்டுக்கினு போனதா?"

"நீ கும்பிட்டியா?"

"இல்ல." உடனே சொன்னான். பிறகு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தான். "சன்னதியாண்ட அம்மா கும்புட்றப்ப, அதுக்குக் கையி சேரல. ஒரு கைய மட்டும் தூக்கிக்கினு என்னப் பாத்துச்சு. நான் அந்த வராத கையப் புடிச்சித் தூக்கி, இந்தக் கையோட சேத்து வச்சிப் புடிச்சிக்கினேன். அது கும்புட்டு முடிக்கிற வரிக்கும். அது நான் கும்புட்ட கணக்கா, அது கும்புட்ட கணக்கா, எனுக்குத் தெர்லணா."

எனக்கும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: இதை அருமைநாயகம் சார் காதில் போடக் கூடாது. "யாராவது கேட்டா, கும்பிடலன்னு மட்டும் சொல்லு" என்றேன். "அது பொய் இல்லையே." அவன் தலையாட்டினான். சரி என்று ஆட்டினானா, கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டினானா என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மாரிதான் என்றால் சார் வீடு கிடையாது. இடத்துக்கு என்ன செய்வதென்று நான் விழித்தபோது சரோஜாதான் வழி சொன்னாள். "ஏன், நாயித்துகெழம சாய்ங்காலம் எங்கடையில இன்னா கல்யாணமா நடக்குது? பெஞ்சத் தூக்கி அந்தாண்ட போட்டா பாய் விரிக்கலாம். தோசக் கல்லு சூடா இருக்கும், சாஞ்சிக்காம ஒக்காரணும், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் போனேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தேன். கடை வாசலில் கன்னியப்பன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்க் குடும்பங்கள் யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று மனதைத் தயார் செய்துகொண்டிருந்தபோதே அருமைநாயகம் சாரும் ஜெயம் அக்காவும் தெருவில் வந்தார்கள். அவர்கள் பின்னால் அந்தக் குடும்பங்களும் வந்தன.

"உன்ன வழியனுப்பத்தான் வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல" என்றார் சார். சூடான தோசைக்கல்லிலிருந்து தள்ளி, வாசலை ஒட்டி உட்கார்ந்தார்.

மாரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேரியரில் அவன் அம்மா பாஞ்சாலி, விழாமல் இருக்க இடுப்பைச் சுற்றித் துண்டால் சீட்டோடு கட்டியிருந்தான். இறக்கி உள்ளே தூக்கி வந்து உட்கார வைத்தான். அந்த அம்மாள் என் முழங்காலைத் தொட்டாள். "நைனா, எம்புள்ளய வேலய வுட்டுத் தூக்கிருவியா? நாந்தான் இட்டுக்கினு போவச் சொன்னேன். ஏசறதுன்னா என்ன ஏசு."

"வேல போவாதும்மா, இது வேற" என்றான் மாரி.

"பின்ன ஏன் எல்லாம் மூஞ்சத் தூக்கி வச்சினு கீறாங்கோ?"

சரோஜா களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயம் அக்கா நகர்ந்து உட்கார்ந்து, அந்த அம்மாளின் முதுகு சுவரில் சாய இடம் விட்டார். சார் அதைப் பார்த்தார்.

பாட்டுப் பாடினோம். இரண்டு பக்கமும் சேர்ந்து பாடியதால் கடைக்குள் சத்தம் கொள்ளவில்லை. தெருவில் போகிறவர்கள் டிபன் உண்டா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாசிப்பு முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் முதல் வாக்கியம் வரவில்லை. அதற்குள் அருமைநாயகம் சார் உட்கார்ந்தபடியே, கோபமில்லாத குரலில், மாரியைக் கேட்டார்.

"மாரி. நீ அங்க கும்பிட்டியா, இல்லியா? அது ஒண்ணு மட்டும் சொல்லு."

மாரி எழுந்தான். என்னைப் பார்த்தான். கும்பிடல என்று சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் சாரின் முகம் கொஞ்சம் இளகும், எல்லோரும் டீ குடிப்போம், நான் நிம்மதியாக பஸ் ஏறுவேன்.

"கும்புடல சார்," என்றான். ஒரு மூச்சு விட்டான். "ஆனா அம்மா கைய நாந்தான் சேத்துப் புடிச்சேன். அதுக்கு ஒரு கையி வராது. அது முடிக்கிற வரிக்கும் புடிச்சினு நின்னேன். அதையும் சொல்லணும்ல."

பாஞ்சாலி மகனையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தாள். சார் வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். "சரி தம்பி. உண்மையச் சொல்லிட்டான். நான் கெளம்புதேன். ஓசூர் போய்க் கடுதாசி போடு" என்றார் என்னிடம். எங்கள் ஊர்க்காரர்களும் எழுவதற்குத் தரையில் கை ஊன்றினார்கள். ஜெயம் அக்கா மட்டும் எழவில்லை. பாஞ்சாலியின் வராத கை அவர் மடி ஓரத்தில் விழுந்து கிடந்தது. அதை நகர்த்தாமல் எப்படி எழுவது என்று யோசிப்பது போல உட்கார்ந்திருந்தார்.

சார் வாசலில் செருப்புக்குள் ஒரு காலை நுழைத்தார்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டடி எடுத்து வைத்து மாரியின் தலையில் கையை வைத்தேன். "ஜெபிப்போம்" என்றேன். குரல் என் குரலாகவே இல்லை, கத்திவிட்டேன். மாரி அப்படியே மண்டியிட்டான். தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. உப்புத்தாளைத் தடவுவது போல உள்ளங்கையில் சொரசொரத்தது. அதற்கடியில் சூடு. காதுக்குப் பின்னால் என் சுண்டுவிரல் பட்ட இடத்தில் கழுவியும் போகாத சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

ஜெபித்தேன். என்ன சொல்கிறேன் என்று தெரியாமல் தொடங்கி, சரோஜாவின் மண்ணெண்ணெய், கன்னியப்பனின் கண் என்று மாரி போலவே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். நடுவில் கண்ணைத் திறந்தேன். எல்லோர் தலையும் குனிந்திருந்தது. ஊன்றிய கைகள் ஊன்றியபடியே இருந்தன. பாஞ்சாலி மற்றவர்களைப் பார்த்துவிட்டு, வருகிற கையால் வராத கையை இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அருமைநாயகம் சார் நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றொரு கால் வெறுங்காலாக, இன்னொரு செருப்பை ஒட்டித் தரையில் ஊன்றியிருந்தது. ஜெபத்தின் நடுவே அசைய அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கண் மூடியிருந்தது. இறுக்கி மூடியிருந்தது.

நான் முடித்தால் அந்தக் கால் ஏதோ ஒரு பக்கம் போகும். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். ஓசூரில் எனக்கு ரூம் அமைய வேண்டும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். தெருவில் வல்லக்கோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கல்லிலிருந்து எண்ணெய்ச் சூடு வந்துகொண்டிருந்தது. ஜெயம் அக்கா பேரைச் சொன்னேன். பாஞ்சாலி அம்மாள் பேரைச் சொன்னேன். பிறகு வாசலில் நிற்கிறவரின் பேரைச் சொல்லி, அவர் தாத்தா குடித்த ஓடைத் தண்ணீரைச் சொல்லி, இன்னும் யார் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே, கையை எடுக்காமல் நின்றேன்.